உணர்ச்சி, தருக்கம், உள்ளுணர்வு: இராதாகிருஷ்ணனின் அறிதற்கோட்பாடும் திருத்தணி எல்லைத் தீர்வும்

ஆய்வுச்சுருக்கம்

முடிவெடுத்தலில் உணர்ச்சி, தருக்கம், உள்ளுணர்வு ஆகிய மூன்றும் சமநிலையில் இயங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயினும் அச்சமநிலை மூன்றுக்கும் சம பங்கு அளிப்பதைக் குறிக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் உரிய பணியை வரையறுப்பதைக் குறிக்கிறதா என்பது போதிய அளவில் விளக்கம் பெறவில்லை. திருத்தணியில் பிறந்த மெய்யியலாளர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் உள்ளுணர்வுக் கோட்பாட்டைத் திருக்குறள் பொருட்பாலின் முடிவெடுத்தல் நெறியோடு ஒப்பிட்டு, 1960 இல் நடைமுறைக்கு வந்த திருத்தணி எல்லைத் தீர்வைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. பலரைப் பிணிக்கும் பொதுமுடிவுகளில் உள்ளுணர்வின் தன்னுறுதி சான்றாகாது என்பதும், எதிர்த்தரப்பும் சரிபார்க்கத்தக்க அளவுகோலைக் கண்டறிவதே அங்கு உள்ளுணர்வின் தக்க பணி என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உள்ளுணர்வு, மதிநுட்பம், தெரிந்துசெயல்வகை, குறிப்பறிதல், படாஸ்கர் தீர்வு, வடக்கெல்லை, அலகு.

முன்னுரை

திருத்தணி தமிழகத்தின் வடக்கெல்லையில், ஆந்திர மாநிலத்தை ஒட்டி அமைந்த மலைக்கோயில் ஊர். சூரனோடும் வேடரோடும் நிகழ்ந்த போர்களுக்குப் பின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் ஆதலின் ‘தணிகை’ எனப் பெயர் பெற்றது என்பது தலமரபு. பிற முருகன் தலங்களில் கந்தசட்டியின்போது சூரசம்மாரம் நிகழ, இங்கு அது நிகழ்வதில்லை. மலர் வழிபாடே நடைபெறுகிறது. உணர்ச்சி எழுந்து, தன் வேலையை முடித்து, அடங்கிய நிலையையே இத்தலம் தன் அடையாளமாகக் கொண்டுள்ளது.

இவ்வூரில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் இராதாகிருஷ்ணன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தினரான அவர் திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் கல்வி பயின்றார். பின்னாளில் மொழிவழி எல்லைக்கோடு பிரித்த நிலப்பரப்பின் இரு புறங்களிலும் அவரது இளமை கழிந்தது. 1953 இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்த திருத்தணி 1960 இல் சென்னை மாநிலத்துக்கு மாறியபோது அவர் இந்தியக் குடியரசின் துணைத்தலைவராக இருந்தார். அவரது மெய்யியல் அத்தீர்வை உருவாக்கியது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. அறிவு, உணர்ச்சி, உள்ளுணர்வு ஆகியவற்றின் உறவை விரிவாக ஆராய்ந்த ஒருவரின் கோட்பாட்டை, அவர் பிறந்த ஊரின் உரிமை குறித்த முடிவைக் கொண்டே சோதிக்க இயலும் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் நோக்கு.

இராதாகிருஷ்ணனின் உள்ளுணர்வுக் கோட்பாடு

1929–30 இல் இங்கிலாந்தில் நிகழ்த்தப்பெற்ற ஹிப்பர்ட் சொற்பொழிவுகளின் நூல்வடிவமாக 1932 இல் ‘ஆன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ வெளிவந்தது. அறிவையும் உள்ளுணர்வையும் பற்றிய அதன் இயல் அவரது அறிதற்கோட்பாட்டின் மையமாகும். புலனறிவு, கருத்துவழித் தருக்க அறிவு, உள்ளுணர்வு என அறிதலை மூவகைப்படுத்தும் அவர், மூன்றாவதை முன்னிரண்டுக்கும் பகையாகக் காண்பதில்லை. பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவே தருக்கத்துக்கும் உள்ளுணர்வுக்கும் உள்ளது என்பது அவர் நிலைப்பாடு. தருக்கம் பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் காண்கிறது. உள்ளுணர்வு, அறிவும் உணர்ச்சியும் விருப்பாற்றலும் ஒன்றிய ஆளுமை முழுவதாலும் அப்பொருளைப் பற்றுகிறது.

இக்கோட்பாட்டின் சிறப்பு இரண்டு. உள்ளுணர்வு என்பது வெறும் உணர்ச்சிப்பெருக்கு என்னும் எளிய சமன்பாட்டை இது மறுக்கிறது என்பது ஒன்று. உள்ளுணர்வு நீண்ட அறிவுழைப்பின் பின்னரே வாய்க்கிறது என்பதையும், வாய்த்தபின் தருக்கத்தின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதையும் இது ஏற்கிறது என்பது மற்றொன்று. அறிவியற் கண்டுபிடிப்பு, கலைப்படைப்பு, அறச்செயல், சமய அநுபவம் ஆகிய நான்கிலும் ஒரே ஆற்றல் இயங்குவதாக அவர் காட்டுகிறார்.

சிக்கலும் இவ்விடத்திலேயே எழுகிறது. சமய அநுபவத்தைப் பேசும்போது, அது தானே நிறுவப்பட்டது, தானே ஒளிர்வது, வேறு சான்று வேண்டாதது என்னும் பொருள்படும் வடமொழிக் கலைச்சொற்களை அவர் கையாள்கிறார். அறிவியலையும் மெய்யியலையும் பேசும்போது, உள்ளுணர்வாற் பெற்றது பிறர்க்கு நிறுவிக் காட்டப்பட வேண்டும் என்கிறார். பெற்றவர்க்கு ஐயமற்ற உறுதி, பிறர்க்கு நிறுவல் என்னும் இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான தொலைவு, தனிமனிதரின் மெய்ந்நாட்டத்தில் பெரிதும் இடர் தருவதில்லை. ஒருவரின் முடிவு பிறரையும் பிணிக்கும் சூழலில் அத்தொலைவே முதன்மைச் சிக்கலாகிறது. மதுரமாயினும் கசப்பாயினும் விளைவைச் சுமப்போர், முடிவெடுத்தவரின் அகவுறுதியில் பங்குபெறாதவர்கள். அத்தகைய பொதுமுடிவின் இலக்கணத்தை இந்நூல் வகுக்கவில்லை.

திருக்குறளில் முடிவெடுத்தலின் வரிசைமுறை

இராதாகிருஷ்ணன் ‘எவ்வாறு அறிகிறோம்’ என வினவ, வள்ளுவர் பொருட்பாலில் ‘எவ்வாறு செய்யத் துணிவது’ என வினவுகிறார். தெரிந்துசெயல்வகை (47), வலியறிதல் (48), காலமறிதல் (49), இடனறிதல் (50), தெரிந்துதெளிதல் (51), தெரிந்துவினையாடல் (52) என்னும் அதிகார வைப்பு ஒரு செயன்முறையாகவே அமைந்துள்ளது. செயலை ஆராய்தல், ஆற்றலை அளத்தல், காலமும் இடமும் நோக்கல், ஆளைத் தெரிதல், பணியில் அமர்த்தல் என அது படிப்படியாக நகர்கிறது.

இதில் தருக்கத்தின் இடம் வெளிப்படையானது. இழப்பு, வரவு, பின்விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் கணித்தபின் செயலில் இறங்குக என்கிறது 461 ஆம் குறள். வரக்கூடிய ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது 463 ஆம் குறளின் கருத்து. உணர்ச்சியை வள்ளுவர் இரு நிலைகளில் வைக்கிறார். அன்பின் பிடிப்பையே காரணமாகக் கொண்டு அறியாதவரைத் தேர்தல் பேதைமை தரும் என 507 ஆம் குறள் எச்சரிக்கிறது. அறிவின் இலக்கணம் கூறும் 422 ஆம் குறளோ மனத்தை அழித்துவிடச் சொல்லவில்லை. போகும் போக்கில் விடாமல் நன்மையின்பால் திருப்பச் சொல்கிறது. உணர்ச்சி இயக்குவிசையாக ஏற்கப்படுகிறது, சான்றாக ஏற்கப்படவில்லை.

உள்ளுணர்வுக்கு இணையான கருத்தாக்கங்கள் இரண்டு திருக்குறளில் உள்ளன. ஒன்று குறிப்பறிதல். பொருட்பாலில் 71 ஆம் அதிகாரத்துக்கும் காமத்துப்பாலில் 110 ஆம் அதிகாரத்துக்கும் இப்பெயர் பொதுவாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. அரசவையிலும் காதலிலும் சொல்லப்படாததைக் கண்டுணரும் ஆற்றல் ஒன்றே என்னும் புரிதலை இப்பெயரொற்றுமை உணர்த்துகிறது. அகத்திலுள்ளதை ஐயமின்றி உணர்வோரைத் தெய்வத்தோடு ஒப்பவைக்கும் அளவுக்கு 702 ஆம் குறள் அவ்வாற்றலைப் போற்றுகிறது. மற்றொன்று அமைச்சு அதிகாரத்தில் 636 ஆம் குறள் பேசும் மதிநுட்பம். அது நூலறிவோடு இணைந்திருத்தல் வேண்டும் என்பது குறளின் நிபந்தனை. இவ்விரண்டையும் இயற்கை, செயற்கை என்னும் இணையாகப் பரிமேலழகர் விளக்குவர். அடுத்த குறளான 637, செய்முறையை அறிந்திருந்தாலும் உலகின் இயல்பறிந்தே செய்ய வேண்டும் என்கிறது. மதிநுட்பம் நூலால் நிறைவுபெறுகிறது. நூல் உலகியலால் திருத்தம்பெறுகிறது.

இங்கு உள்ளுணர்வு தன்னளவில் சான்றாகும் அறிவாகக் கருதப்படவில்லை. அதன் பொருள் பிறர் மனமும் உலகின் இயல்புமே. நல்லதைச் செய்யும்போதும், பெறுவோரின் இயல்பறியாமல் செய்தால் தவறு நேரும் என்னும் 469 ஆம் குறளின் கருத்து இதனை உறுதிசெய்கிறது. செய்பவரின் நல்லெண்ணமோ அகவுறுதியோ அங்குப் போதுமான காப்பாக இல்லை.

தணிகை மரபில் உள்ளுணர்வின் அடித்தளம்

உள்ளுணர்வு பயிற்சியின்மேல் எழுவது என்பதற்குத் திருத்தணியின் இசைமரபு ஒரு சான்று தருகிறது. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) இத்தலத்தில் முதியவர் உருவில் வந்த முருகன் நாவில் கற்கண்டு இட, தம் முதற் கீர்த்தனையான ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வைப் பாடினார் என்பது மரபுச் செய்தி. நொடியில் வாய்த்த அருளாக இது போற்றப்படுகிறது. ஆயின் அக்கீர்த்தனை அமைந்த இராகம் மாயாமாளவகௌளை. கருநாடக இசையில் மாணவர் முதற்பாடமாகப் பயிலும் இராகம் அது. தந்தை இராமசாமி தீட்சிதரிடமும் காசியில் சிதம்பரநாத யோகியிடமும் பெற்ற நெடும்பயிற்சிக்குப் பின் நிகழ்ந்த அவ்வெளிப்பாடு, தொடக்கப்பாடத்தின் சுரங்களையே தன் வடிவாகக் கொண்டது.

அண்மைக்கால உளவியலும் இத்திசையிலேயே செல்கிறது. உள்ளுணர்வை ஐயுற்ற டேனியல் கானமனும் அதனைப் போற்றிய கேரி கிளைனும் 2009 இல் இணைந்து எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டை எட்டினர். சூழல் ஒழுங்குடையதாகவும், அவ்வொழுங்கை நீண்ட பயிற்சியாலும் விளைவறிதலாலும் கற்க வாய்ப்புடையதாகவும் இருந்தால் மட்டுமே வல்லுநரின் உள்ளுணர்வு நம்பத்தக்கது என்பது அது. உள்ளுணர்வு தரும் அகவுறுதியின் வலிமை, அதன் சரிமைக்கு அளவுகோல் ஆகாது என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர். இசையும் மருத்துவமும் அந்நிபந்தனைகளை நிறைவு செய்யக்கூடியவை. ஒரு நிலப்பரப்பின் எல்லையை வகுத்தல் அத்தகையது அன்று. அது ஒருமுறை நிகழ்வது. தவறினால் மீண்டும் செய்து கற்கும் வாய்ப்பு இல்லாதது. எனவே எல்லை முடிவில் உள்ளுணர்வு எப்பணியை ஏற்கலாம் என்பது தனியே ஆராயத்தக்கது.

எல்லைத் தீர்வு: அலகைத் தேர்தல்

வேங்கடத்தைத் தமிழ்வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறும் மரபு தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தொட்டு வருவது. இந்த இலக்கிய நினைவே தமிழரசுக் கழகத்தின் வடக்கெல்லைக் கோரிக்கைக்கு உணர்ச்சியின் ஊற்றாயிற்று. ம.பொ. சிவஞானமும், எல்லைப்பகுதி ஊர்களில் தமிழ்க் கல்வி பரப்பிய மங்கலங்கிழாரும் அவ்வுணர்ச்சியை இயக்கமாக்கினர். மறுதரப்பில், தனி மாநிலத்துக்காக உண்ணாநோன்பிருந்து பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர்நீத்தார். சென்னை நகரின்மீது தெலுங்கரும் உரிமை கோரினர். இரு தரப்பினர்க்கும் தத்தம் உரிமை தானே விளங்கும் உண்மையாகவே தோன்றியது. தன்னுறுதியைச் சான்றாகக் கொள்ளும் எக்கோட்பாடும் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர உதவாது.

அப்படியாயின் தருக்கம் உதவியதா? மொழிப் பெரும்பான்மையைக் கணக்கிடுதல் தருக்கத்தின் வழி. கணக்கிடுமுன் எந்த அலகில் கணக்கிடுவது என முடிவுசெய்ய வேண்டும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது ஒரே சட்டத்தில் இரு அலகுகள் கையாளப்பட்டன. பெல்லாரி மாவட்டத்தில் ஆலூர், ஆதோனி, இராயதுர்கம் ஆகிய வட்டங்கள் மட்டும் ஆந்திரத்தில் சேர்ந்தன. அங்கு அலகு வட்டம். சித்தூர் மாவட்டமோ முழுவதுமாக ஆந்திரத்தில் சேர்ந்தது. அங்கு அலகு மாவட்டம். 1911 இல் ஆட்சிவசதி கருதி உருவாக்கப்பட்ட ஒரு மாவட்டத்தின் வரம்பு, 42 ஆண்டுகளுக்குப்பின் மொழியுரிமையின் வரம்பாயிற்று. அதனால் தமிழர் மிகுந்து வாழ்ந்த திருத்தணிப் பகுதியும் உடன்சென்றது. கணக்கில் பிழை இல்லை. அலகில் இருந்தது சிக்கல்.

இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராக அமர்ந்த எச்.வி. படாஸ்கர் ஊரை அலகாகக் கொண்டார். மொழிப் பெரும்பான்மையும் நிலத்தொடர்ச்சியும் அவரது பிற அளவுகோல்கள். அதன்வழி 1959 இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் புத்தூர் வட்டத்தின் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

ஊரை அலகாகக் கொள்க என்பது குடிக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவன்று. உணர்ச்சியிலிருந்து பெறப்படுவதும் அன்று. உணர்ச்சி தனக்கு ஆதாயமான அலகையே நாடும். திருத்தணியை வேண்டுவோர்க்கு ஊர் உகந்தது; அதே ஊர் அலகு திருப்பதிமேல் அவர்கள் வைத்த உரிமைக்குத் துணைநிற்கவில்லை. சென்னைக்கு வரவைத் தந்த அளவுகோலே சில ஊர்களின் இழப்பையும் தந்தது. இரு தரப்பும் ஒருங்கே பெற்றும் இழந்தும் ஏற்கக்கூடிய அளவுகோல் எது எனக் காணும் திறனே இங்குத் தேவைப்பட்டது. மறுதரப்பின் மனத்தை அறிதலும் உலகின் இயல்பறிந்து செய்தலும் இணைந்த இத்திறன், வள்ளுவர் கூறும் மதிநுட்பத்துக்கும் குறிப்பறிதலுக்கும் நெருங்கியது. ‘இம்மலை எமது’ எனத் துணிவது உள்ளுணர்வின் பணியாக இருக்கவில்லை. ‘இந்த அளவுகோலை எதிர்த்தரப்பும் ஏற்கும்’ எனக் காண்பதே அதன் பணியாயிற்று. அவ்வாறு கண்டதை ஊர்தோறும் எண்ணிச் சரிபார்ப்பது தருக்கத்தின் பணி.

அலகில் உடன்பாடு எட்டாத இடத்தில் நிகழ்வதற்குப் பெலகாவிச் சிக்கல் சான்று. மகாராட்டிரம் படாஸ்கர் வழியில் ஊரை அலகாகக் கொள்ள வேண்டும் என்கிறது. கருநாடகம் 1967 இல் அறிக்கை அளித்த மகாஜன் ஆணையத்தின் முடிவே இறுதி என்கிறது. 2004 இல் மகாராட்டிரம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. குடிக்கணக்கு இருவர்க்கும் பொதுவாகவே உள்ளது. எண்ணும் முறையில்தான் உடன்பாடில்லை.

எஞ்சிய இழப்பும் கோட்பாட்டின் போதாமையும்

திருத்தணித் தீர்வைக் குறையற்றதாகக் கொள்ளல் பொருந்தாது. ஊர் அலகு, ஊருக்குள் வாழும் சிறுபான்மையினரைக் கணக்கின் மறைவில் நிறுத்துகிறது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோரும், சித்தூர், நகரி, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோரும் இன்றும் வாழ்கின்றனர். தாய்மொழிக் கல்வி, அலுவலக மொழி ஆகியவற்றில் அவர்களது உரிமை எல்லைக்கோட்டால் தீர்ந்துவிடவில்லை. மேலும், கோயில் என்னும் உணர்ச்சிமையம் தலைக்கணக்கில் அடங்காதது. வேங்கடத்துக்குத் தமிழரும் தணிகைக்குத் தெலுங்கரும் வழிபடச் செல்லும் வழக்கம் எல்லைக்கோட்டுக்கு முற்பட்டது. அதனைப் பதிவுசெய்யும் கட்டம் எந்தக் குடிக்கணக்குப் படிவத்திலும் இல்லை.

இவ்விழப்பை உணரவைப்பது உணர்ச்சியே. முடிவெடுக்குமுன் எது பொருட்படுத்தத்தக்கது என அறிவிப்பதோடு, முடிவெடுத்தபின் எது விடுபட்டது என அறிவிக்கும் கடமையும் அதற்கு உண்டு. அண்டோனியோ டமாசியோ 1994 இல் வெளியிட்ட ‘டெகார்ட்டின் பிழை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில், மூளைச்சேதத்தால் உணர்ச்சியாற்றல் குன்றியோர் தருக்கத்திறன் குன்றாதிருந்தும் வாழ்வின் எளிய முடிவுகளில் தடுமாறியதைக் காட்டினார். பொதுவாழ்வுக்கும் இது பொருந்தும். எல்லைப்போரில் உயிரிழந்தோரை நினைவுகூர்வது, கணக்கால் முடிந்த ஒரு செயலில் கணக்குக்கு அடங்காத விலை இருந்தது என்பதை மறவாமல் காக்கிறது.

இப்பின்னணியில் இராதாகிருஷ்ணனின் கோட்பாட்டை மதிப்பிடலாம். உணர்ச்சியும் தருக்கமும் உள்ளுணர்வும் தம்முள் பகையற்றவை என்னும் அவரது அடிப்படை நிலைப்பாடு ஏற்கத்தக்கது. மூன்றும் ஒரே ஆளுமைக்குள் இணைந்து முழுமைபெறுகின்றன என்னும் அதன் முடிவு, ஆளுமைகள் பலவாகி முரணும் களத்துக்குப் போதவில்லை. அறிவியலில் ஆய்வுக்கூடம் உள்ளுணர்வைச் சோதிக்கிறது. கலையில் சுவைஞர் சோதிக்கின்றனர். அரசியல் முடிவில் அச்சோதனையைச் செய்யத் தகுந்தவர் எதிர்த்தரப்பினரே. நான்கு களங்களையும் ஒரே சொல்லால் குறித்ததில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. உள்ளுணர்வை அமைச்சியலுக்குள் வைத்து, நூலோடும் உலகியல்போடும் பிணைத்த வள்ளுவர் நெறி இக்குறையை ஈடுசெய்கிறது. எனினும் அமைச்சரின் மதிநுட்பத்தை அரசனின் நோக்கிலேயே பேசும் பொருட்பால், முடிவின் விளைவைச் சுமப்போரின் ஒப்புதலை வெளிப்படையாக ஒரு படிநிலையாக்கவில்லை. மக்களாட்சிக்கால வாசகர் அதனுடன் சேர்க்க வேண்டிய கூறு அது.

முடிவுரை

உணர்ச்சி, தருக்கம், உள்ளுணர்வு ஆகியவற்றின் சமநிலை என்பது துலாக்கோலின் தட்டுகளில் சம எடை வைப்பதன்று. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது தன் பணியைச் செய்து அடங்குவதாகும். எது காக்கத்தக்கது என உணர்ச்சி கூறுகிறது. எந்த அளவுகோல் இருதரப்பிலும் செல்லும் என உள்ளுணர்வு காண்கிறது. அவ்வளவுகோலை விலக்கின்றிப் பொருத்தித் தருக்கம் சரிபார்க்கிறது. பின்னர் எஞ்சிய இழப்பை மீண்டும் உணர்ச்சி எடுத்துக்காட்டுகிறது. திருத்தணி எல்லைத் தீர்வில் இவ்வரிசை பெருமளவு செயல்பட்டது. இறுதிப்படி மட்டும் இன்னும் நிறைவுபெறவில்லை. எல்லையின் இருபுறமும் வாழும் மொழிச் சிறுபான்மையினர் பற்றிய களஆய்வுகள், அவ்விடுபட்ட படியை நிறைவு செய்யும் ஆய்வுப்பணியாக அமையும்.